கேம் இன்னும் வரவில்லை, பணம் வந்துவிட்டது

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவர். சென்னையில் நான்கு வருடம் ஐடி வேலை பார்த்துவிட்டு, போன வருடம் அதை உதறிவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார். கல்லூரிக் காலத்திலிருந்து மனதில் வைத்திருந்த ஒரு ஆன்லைன் மல்டிபிளேயர் கேமை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமைதான் களம். ஆட்டக்காரர்கள் பாளையம் பாளையமாகச் சேர்ந்து கோட்டை கட்ட வேண்டும், அடுத்த அணியின் கோட்டையை முற்றுகையிட வேண்டும். கூட இரண்டு நண்பர்கள். ஒருவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் சர்வர் கோடு எழுதித் தருகிறார். இன்னொருவர் தென்காசிக்காரர். கதாபாத்திரங்கள், கோட்டைகள், ஆயுதங்கள் எல்லாம் அவர் வரைந்தவை. கல்யாணம் நிச்சயமானதும் அவர் கோயம்புத்தூரில் சம்பள வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "எனக்கு ஒரு கணக்கு முடிச்சுக் கொடு, இல்லேன்னா நான் வரைஞ்சதையெல்லாம் எடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூவருக்கும் இடையே எழுத்தில் ஒரு வரி கிடையாது.

பணக் கணக்கு இது. சொந்தச் சேமிப்பு 6 லட்சம் கரைந்துவிட்டது. அக்காவின் நகையை அடகு வைத்து 3 லட்சம். ஷார்ஜாவில் இருக்கும் தாய்மாமா 8 லட்சம் தருவதாகச் சொல்கிறார். "கணக்கு வழக்கெல்லாம் எதுக்குலே, நல்லா வந்தா பாத்துக்கிடலாம்" என்பது அவர் பேச்சு. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இவர் குழுவில் சேர்ந்திருக்கும் நானூறு பேரிடம் 499, 1,999, 4,999 ரூபாய் என்று மூன்று வகை 'ஃபவுண்டர் பேக்' விற்கத் திட்டம். 4,999 கட்டுகிறவர்களுக்கு, கேம் வெளியானபின் வருமானத்தில் ஒரு பங்கு. அறிவிப்பு போட்டதும் அறுபது பேர் இவருடைய சொந்த யுபிஐ கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டார்கள். மொத்தம் எழுபதாயிரத்துக்குச் சற்று மேல். அனுப்பியவர்களில் சிலர் பிளஸ் டூ பையன்கள். இதற்கிடையில் நெல்லை டவுனில் ஒரு ஃபைனான்ஸ்காரர் மூன்று வட்டிக்கு 10 லட்சம் தரத் தயார். அப்பா பெயரிலுள்ள வீட்டுப் பத்திரமும், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளும் கேட்கிறார். கூட்டம் சேர்க்க வாரம் ஒரு போட்டி நடத்தவும் யோசனை இருக்கிறது: ஆளுக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம், ஜெயிக்கிற அணிக்கு 2,000 ரூபாய்.

அவர் கேட்பவை: "கேம் ரிலீஸ் ஆகாததால் சட்டப் பிரச்சினை எதுவும் இப்போதைக்கு வராதுதானே? கம்பெனிப் பதிவை ரிலீஸ் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாமா? ஐடியாவை யாரும் திருடாமல் இருக்க காபிரைட் வாங்க வேண்டுமா? கேம் வராமலே போனால் என்னை உள்ளே போட்டுவிடுவார்களா?"

தம்பி,

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். உண்மையாக முயன்று ஒரு தொழில் தோற்றுப்போனால் அது குற்றம் ஆகாது. குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு சொல்கிற ஏமாற்றுதல் என்பதற்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் எண்ணத்தை யாரும் திறந்து பார்க்க முடியாது. நீங்கள் எழுதிய அறிவிப்பு, பணம் போன கணக்கு, அது செலவான விதம், இவற்றை வைத்துத்தான் எண்ணத்தைக் கண்டுபிடிப்பார்கள். சொந்த யுபிஐ கணக்கில் ஃபவுண்டர் பேக் பணமும், வீட்டு மளிகைச் செலவும், சர்வர் வாடகையும் ஒன்றாகக் கலந்து கிடப்பது உங்களுக்கு நல்லதல்ல. இன்றே ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்து, அந்த எழுபதாயிரத்தை அங்கே மாற்றுங்கள்.

முதல் கேள்வியில்தான் நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேம் வெளியாகும் நாளுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அடுத்தவர் பணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து, நண்பர்களோடு சேர்ந்து வேலை தொடங்கிய நாளிலிருந்து, சட்டம் கூடவே வந்துகொண்டிருக்கிறது. சொல்லப்போனால் வெளியீட்டுக்கு முந்தைய காலம்தான் ஆபத்தான காலம். விற்பனை இல்லை, கணக்கு இல்லை, கையில் இருப்பதெல்லாம் வாக்குறுதி மட்டுமே.

ஒவ்வொரு ரூபாயும் என்ன ரூபாய்?

ஒருவர் உங்களுக்குப் பணம் தருகிறார் என்றால், அது இனாமா, கடனா, தொழிலில் பங்கா, பொருளுக்கு முன்கூட்டிக் கொடுத்த விலையா? நான்குக்கும் தனித்தனிச் சட்டம். உங்கள் கடிதத்தில் நான்கும் இருக்கின்றன, எது எது என்று மட்டும் தெரியவில்லை.

மாமாவிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்த மடி கொடுப்பவர் தாய்மாமன். வருமான வரிச் சட்டமும் அவரை உறவினர் என்று ஒப்புக்கொள்கிறது. அவர் 8 லட்சத்தை இனாமாகக் கொடுத்தால் உங்களுக்கு வரி இல்லை. இதையே நண்பர் ஒருவர் கொடுத்திருந்தால், வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டியதும் முழுத்தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். ஆனால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், மருமக்கள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாம் இருக்கிறார்கள், தாய்மாமன் இல்லை. நீங்கள் பிரைவேட் லிமிடெட் தொடங்கினால், உங்கள் அக்காவால் அந்தக் கம்பெனிக்கு எளிதாகக் கடன் தர முடியும். மாமா தரும் கடனோ வைப்புத்தொகை விதிகளில் போய்ச் சிக்கும்.

அதனால் மாமா பணத்துக்கு இரண்டு நல்ல வழிதான் எனக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் இனாமாகத் தருகிறார் என்றால், வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள், ஒரு கடிதத்தில் அப்படியே எழுதி வாங்குங்கள். 'நல்லா வந்தா பாத்துக்கிடலாம்' என்பதன் உள்ளே ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறதென்றால், அவர் கம்பெனியில் பங்குதாரராக வரட்டும். வெளிநாட்டு இந்தியர் என்பதால், பணத்தை மறுபடி வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாத அடிப்படையில் போட்டால் ஏறக்குறைய உள்நாட்டு முதலீடு மாதிரியே நடத்தப்படும். எடுத்துப் போகும் அடிப்படையில் என்றால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குப் படிவம் போக வேண்டும். இதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். மாமாவிடம் 'இது திரும்பி வராமலும் போகலாம்' என்று நேராகச் சொல்வது மட்டும் உங்கள் வேலை. சொல்லிவிட்டால் அத்தை முகம் கொடுத்துப் பேசுவார். சொல்லாவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் தெரியும்.

ஃபைனான்ஸ்காரர் விஷயத்தில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. வேண்டாம். மூன்று வட்டி என்றால் 10 லட்சத்துக்கு மாதம் 30,000 ரூபாய். வருமானமே இல்லாத ஒரு கேம் முதல் மாதத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை வாங்கியவர் தொகையை நிரப்பி வங்கியில் போட்டால், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற அனுமானம் உங்களுக்கு எதிராக எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காசோலை திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2003ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2017 அக்டோபரில் நம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தபோதும் அந்தச் சட்டம் இருந்தது. ஒன்று நினைவிருக்கட்டும்: அவரிடமோ வேறு யாரிடமோ, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கியவருக்கே அதே தொகை அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது.

இனி ஃபவுண்டர் பேக். 499, 1,999 ரூபாய் பேக்குகளில் நீங்கள் விற்பது கேமும் அதற்குள் வரும் சில அலங்காரங்களும். அது பொருளுக்கு முன்பணம். விற்கலாம், பொறுப்போடு. 4,999 ரூபாய் பேக் வேறு ஜாதி. வருமானத்தில் பங்கு என்று சொல்லி முகம் தெரியாத நானூறு பேரிடம் பணம் கேட்பது, அவர்களை முதலீட்டுக்கு அழைப்பதாகும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகூடப் பொதுமக்களைப் பார்த்து அப்படி அழைக்க முடியாது. பெயர் குறிப்பிட்டு, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மிகாமல்தான் பங்கு கொடுக்க முன்வரலாம். நீங்களோ கம்பெனியே இல்லை. திருப்பித் தருவதாகவும் கூட ஏதோ சேர்த்துத் தருவதாகவும் அந்த அறிவிப்பை யாராவது படித்துக் காட்டினால், 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் வந்து நிற்கும். அதன்படி, பணம் கேட்டதற்கே ஒன்றிலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. வாங்கியதற்கு இரண்டிலிருந்து ஏழு வருடம். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997லிருந்தே தனிச்சட்டம் உண்டு, மதுரையில் அதற்கென்று சிறப்பு நீதிமன்றமும் உண்டு. ஈமு கோழி முதலீட்டு மோசடிக்குப் பிறகு நம் காவல்துறை இப்படிப்பட்ட புகாரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே அந்த பேக்கை நிறுத்துங்கள். கட்டியவர்களுக்கு முழுப் பணத்தையும் வந்த வழியிலேயே திருப்பி அனுப்புங்கள், அனுப்பியதற்கு ரசீது வையுங்கள். பிளஸ் டூ பையன்கள் பணம் எந்த பேக்காக இருந்தாலும் திரும்பிப் போகட்டும். பதினெட்டு வயது ஆகாதவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903லிருந்து மாறாத சட்டம். இன்னொன்றும் உண்டு: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக அமலாகும்போது, பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைச் சேர்க்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். உங்கள் கேம் கணக்கு தொடங்கும் பக்கத்தில் வயது கேட்கும் இடமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் இருப்பவர் அதில் திட்டம் தொடங்க முடியாது. அமெரிக்காவில் இருக்கும் நண்பர் பெயரில் தொடங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் சட்டப்படி பணமும் வாக்குறுதியும் அவருடையவை; நீங்கள் அவரிடம் வேலை பார்ப்பவர் மாதிரி ஆகிவிடுவீர்கள்.

வரைந்தவர் போய்விட்டார், படம் யாருடையது?

நீங்கள் அரைப்பக்கம் மட்டும் எழுதியிருக்கும் இந்த விஷயம்தான், என் கணக்கில், கேமையே நிறுத்தக்கூடியது.

1957-ஆம் ஆண்டு காபிரைட் சட்டப்படி, வரைந்தவர்தான் படத்தின் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வைத்த ஊழியர் வரைந்தால் முதலாளிக்குப் போகும். உங்கள் நண்பர் ஊழியர் அல்ல. 'அவன் கேமுக்காகத்தானே வரைந்தான்' என்று சொல்லி உரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுத்தில், கையெழுத்தோடு, உரிமை மாற்றிக் கொடுத்தால்தான் வரும்.

நீங்கள் வேறு வாதமும் வைக்கலாம். லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் எண்ணத்தோடு மூன்று பேர் சேர்ந்து ஒரு தொழில் செய்தால், பத்திரம் இல்லாவிட்டாலும் 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கூட்டு வியாபாரம்தான். கூட்டுக்காக உண்டானது கூட்டின் சொத்து. சரி, ஆனால் அந்த வாதத்தை எடுத்தால் அடுத்த வரியும் கூடவே வரும்: எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது பங்குதாரர்கள் எல்லோருக்கும் லாபம் சமம். அதாவது அவருக்கு மூன்றில் ஒன்று. கூட்டின் கடனுக்கும் மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பதால், பெங்களூர் நண்பரும் தனக்குத் தெரியாமலே அந்த அறுபது பேருக்குக் கடன்பட்டவர். பதிவு செய்யாத கூட்டு என்றால் வெளியார் மீது வழக்குப் போடும் உரிமையும் மடங்கிப்போகும்.

நீதிமன்றத்தில் இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. அதனால்தான் அங்கே போகாதீர்கள் என்கிறேன். அவர் கேட்பது 'ஒரு கணக்கு'. கல்யாணச் செலவில் இருக்கிற மனிதர். நியாயமான ஒரு தொகையை இப்போது கொஞ்சமும், கேம் வெளியானபின் மிச்சமுமாகப் பேசி முடித்து, உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி வாங்குங்கள். படைப்பாளிகள் பட்டியலில் அவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

அந்தப் பத்திரத்தில் வழக்கமாகக் கோட்டை விடும் மூன்று இடங்களைச் சொல்கிறேன். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உலகம் முழுக்க விற்கப்போகும் கேமுக்கு அது போதாது. மூன்றாவது, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய. உங்கள் கேம் வர இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஒரு வரி பத்திரத்தில் இல்லாவிட்டால், கேம் வெளியாகும் நாளில் படங்கள் மறுபடி அவருடையவை ஆகியிருக்கும்.

பெங்களூர் நண்பரிடம் அவருடைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் கோடு எல்லாம் கம்பெனிக்கே என்றோ, வெளிவேலை பார்க்கக்கூடாது என்றோ பல ஐடி கம்பெனிகளில் ஒரு பத்தி இருக்கும். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கம்பெனி லேப்டாப்பில் ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

ஐடியாவுக்குக் காபிரைட் கேட்டீர்கள். ஐடியாவுக்கு அது கிடையாது; 1978ல் உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்த விஷயம் அது. பாளையக்காரர் காலத்துக் கோட்டை முற்றுகையை யார் வேண்டுமானாலும் கேமாகச் செய்யலாம். உங்கள் கோடு, படம், இசை, எழுத்து ஆகியவற்றுக்குப் பதிவு செய்யாமலே பாதுகாப்பு உண்டு. செலவு செய்வதென்றால் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

ஐம்பது ரூபாய்ப் போட்டி

'இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை' என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த வேறுபாட்டையே அழித்துவிட்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடினால் அது ஆன்லைன் பண விளையாட்டு. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. மின் விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) என்று முறைப்படி அங்கீகாரமும் பதிவும் பெற்ற போட்டிகளுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் டிஸ்கார்ட் போட்டி அதில் வராது.

நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடத்துங்கள். பரிசாகக் கேமுக்குள் ஒரு கொடியோ, பட்டமோ கொடுங்கள். கேமுக்குள் விற்கும் 'பொன்'னை மறுபடி ரூபாயாக மாற்ற வழி வைக்காதீர்கள். காசாக மாற்றக்கூடிய நாணயமும் இந்தச் சட்டத்தில் பந்தயப் பொருள்தான். சந்தா வாங்கலாம், ஒரு தடவை விலையாக வாங்கலாம், அதற்குத் தடையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர்களே அணிக்குப் பெயரும் நிறமும் சின்னமும் வைத்துக்கொள்ளலாம் என்று உற்சாகமாக எழுதியிருக்கிறீர்கள். வேறு ஊரில் அது வெறும் வசதி. நம் பக்கத்தில் அந்தக் கட்டங்களில் என்ன வந்து உட்காரும் என்று உங்களுக்கே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சாதி காரணமாக வெட்டப்பட்டதற்குப் பிறகுதான் நீதியரசர் சந்துரு குழு அமைக்கப்பட்டது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அது பேச வேண்டியிருந்தது. உங்கள் கேமில் பாளையங்கள் இருக்கின்றன, வாய்ஸ் சாட் இருக்கிறது, ஒருவரை ஒருவர் அழிப்பதுதான் ஆட்டமே. சாதிப் பெயரோ, தலைவர் பெயரோ வைக்க முடியாதபடி பட்டியல் போட்டு, நீங்கள் கொடுக்கும் பெயர்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். கொடியின் நிறங்களையும் நீங்களே தீர்மானியுங்கள். உண்மையான பாளையக்காரர் பெயர்களை விட்டுவிட்டுக் கற்பனைப் பாளையங்களை வைப்பதே என் ஆலோசனை. கதைக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். சமூகங்களுக்கிடையே பகை வளர்ப்பது நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் குற்றம். பதிவு போட்டவன் முதல் ஆள் என்றாலும், புகார் வந்தும் அதை நீக்காத, கேம் நடத்துபவரையும் காவல் நிலையத்துக்குக் கூப்பிடுவார்கள். குறை கேட்க ஓர் அலுவலர், அவருடைய முகவரி, புகார் வந்தால் 24 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில் சொல்வது, குறித்த நாளுக்குள் முடிப்பது, இவை 2021-ஆம் ஆண்டு ஐடி விதிகளில் உள்ளவை. ஆள் குறைவென்றால் அந்த அலுவலர் நீங்களேதான்.

எந்த உருவத்தில், எவ்வளவு வாக்குக் கொடுத்து

கம்பெனிப் பதிவை ரிலீஸ் வரை தள்ளாதீர்கள். பங்கு கொடுக்கும் எண்ணமும் மானியம் வாங்கும் எண்ணமும் இருப்பதால், கூட்டு நிறுவனத்தைவிடப் பிரைவேட் லிமிடெட் உங்களுக்குப் பொருந்தும். வருடாந்தரத் தாக்கல், ஆடிட் என்று செலவு உண்டு. ஆனால் அப்பா வீடு கேமின் கடனுக்கு வெளியே நிற்கும், நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும். மூன்று பேர் உரிமையும் கம்பெனிக்கு மாறட்டும். பங்குகளை ஒரேயடியாகக் கொடுக்காமல், வேலை செய்யச் செய்ய வருடா வருடம் சேர்வது போல ஒப்பந்தம் போட்டிருந்தால், தென்காசி நண்பர் சிக்கலே வந்திருக்காது.

பதிவுக்குப் பிறகு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்குங்கள். அது இருந்தால் தமிழ்நாடு அரசின் டான்சீட் விதை நிதிக்கு விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் ரூபாய், சிறு பங்குக்கு ஈடாக. அதை நடத்தும் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குத் திருநெல்வேலியிலேயே வட்டார மையம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டாம். 2021ல் தொடங்கிய மத்திய விதை நிதித் திட்டத்தில் முதல் மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம் என்று வைத்திருந்தார்கள், இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கம்பெனி தொடங்கி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு செய்யும் தேதியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பப்ளிஷர் யாராவது முன்பணம் தர வந்தால், அந்த முன்பணம் முதலில் யார் பங்கிலிருந்து கழியும், கேமின் உரிமை யாருக்கு, அவர்கள் பாதியில் விட்டால் உரிமை உங்களிடம் திரும்புமா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்பனைக் கணக்கையும் நீங்கள் போட்டுப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 499 ரூபாய்க்கு ஒரு பிரதி விற்றால், அதில் 18 சதவீத ஜிஎஸ்டி போக 423 ரூபாய். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு ஏறக்குறைய 296. உங்கள் 6, அக்காவின் 3, மாமாவின் 8 எல்லாம் சேர்ந்து 17 லட்சம். அது திரும்பி வரவே 5,700 பிரதிக்கு மேல் போக வேண்டும். சர்வர் வாடகை, உங்கள் சம்பளம் இரண்டும் இதில் இல்லை. நானூறு பேர் டிஸ்கார்டில் இருப்பது நல்ல தொடக்கம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வாக்குறுதி விஷயத்தில் வெளிநாட்டு கேம்களே தடுமாறியிருக்கின்றன. ஸ்டார் சிட்டிசன் 2012ல் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கியபோது 2014ல் வெளியாகும் என்றார்கள். 80 கோடி டாலருக்கு மேல் திரண்டும் ஆல்பா என்கிற ஆரம்பச் சோதனை நிலையிலேயே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். க்ரானிக்கிள்ஸ் ஆஃப் எலிரியா 2016ல் கிக்ஸ்டார்ட்டரில் வந்தது. 2020 மார்ச்சில் பணம் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். முதலாவதுக்கு ரசிகர் பட்டாளம் இருக்கிறது, தாங்கும். நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள்.

உங்கள் அறிவிப்பில் 'ஒரே களத்தில் ஆயிரம் பேர்' என்று இருக்கிறது. கடிதத்தில், பதினாறு பேருக்கு மேல் சேர்ந்தால் லேக் அடிக்கிறது, அதாவது ஆட்டம் திணறுகிறது என்று இருக்கிறது. சர்வர் நுட்பம் என் வேலை இல்லை. ஆனால் விளம்பரத்தில் எழுதியது ஒப்பந்தத்தின் பகுதி என்று வாதாடுவது என் தொழில். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஓசூர்க்காரர் 499 ரூபாய்க்காக உங்களை ஓசூர்ப் பக்கம் இழுக்கலாம். 'எட்டுக்கு எட்டு பேர் ஆடலாம், இன்று இவ்வளவு வேலை செய்கிறது' என்று இருப்பதை எழுதுங்கள். முடியாத கேமை முன்கூட்டியே விற்கும் ஸ்டீமின் எர்லி ஆக்சஸ் விதிகளும் இதைத்தான் கேட்கின்றன: இப்போது இருப்பதற்காக ஒருவர் வாங்க வேண்டும், வரப்போவதாகச் சொல்வதற்காக அல்ல, விற்பனையே இல்லாவிட்டாலும் முடிக்கப் பணம் இல்லையென்றால் அதில் இறங்காதீர்கள். அதனால் முதலில் இலவச சோதனை ஆட்டம். பதினாறு பேர் இரண்டாவது நாளும் தாங்களாக வந்து ஆடுகிறார்களா என்று பார்த்தபின் விலை பேசலாம்.

விற்கும்போது எழுத வேண்டியது சர்வரை மூடுவது பற்றி. யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014ல் விற்ற தி க்ரூ கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31ல் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் இருந்தது ஓடாத ஒரு கேம். அதிலிருந்து பெரிய இயக்கமே கிளம்பியது. நீங்கள் எத்தனை மாதம் சர்வர் நடத்துவீர்கள், மூடுமுன் எத்தனை நாள் அறிவிப்பு, மூடியபின் ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் போட்டுக்கொள்ள ஒரு பில்ட் (ஓடக்கூடிய மென்பொருள் பதிப்பு) தருவீர்களா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். தமிழிலும் போடுங்கள்.

நேரில் வருவதானால் யுபிஐ ஸ்டேட்மென்ட், டிஸ்கார்ட் அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், நண்பர்களோடு பேசிய வாட்ஸ்அப் இவற்றை அழிக்காமல் கொண்டுவாருங்கள். அழித்தால் உங்களுக்குச் சாதகமானதும் சேர்ந்து போய்விடும்.

அக்கா நகை பாக்கி. டான்சீட் வந்ததும் மீட்டுவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. அந்த விதை நிதி எந்த வேலைக்கென்று கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான். பழைய கடனை அதில் அடைத்தால் திருப்பிக் கேட்பார்கள். நகைக்கடன் வேறு வழியில்தான் அடைய வேண்டும். பகுதி நேரமாக வெளிக் கம்பெனிகளுக்குக் கோடு எழுதிக் கொடுக்கும் வேலை ஒன்றைப் பிடித்து, அந்த வருமானத்தை நேராக அடகுக் கணக்குக்கே அனுப்புங்கள். கேம் ஆறு மாதம் தள்ளிப் போகும். போகட்டும்.